தள்ளினவர்களுக்கே இடம்

வேலாங்குளத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கண்மாய்க்கரை. மற்றதெல்லாம் கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டைக் கரிசல். காளிராஜ் தன் லாரியை அந்தக் கரைமேல்தான் நிறுத்துவான். மூக்கை ஊர்ப்பக்கத்துச் சரிவைப் பார்க்க வைத்து, முன்சக்கரத்துக்கு இரண்டு கல்லை அணைகொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு இறங்குவான். வீடு கரையை ஒட்டியே இருந்தது.

சங்கதி இதுதான்: லாரிக்கு செல்ஃப் எடுக்காது. எஞ்சினை உலுக்கி எழுப்பவேண்டிய மோட்டார், 'ணங்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அத்தோடு படுத்துக்கொள்ளும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றிப் பார்க்கலாம். டீசல் எஞ்சினைக் கையால் சுற்றப் பீமன்தான் வரவேண்டும். ஆகவே தள்ளு. விடிந்ததும் ஏழெட்டுப் பேர் பின்னால் தோள்கொடுத்தால் லாரி முனகிக்கொண்டே நகரும். சரிவைக் கண்டதும் உருளும். காளிராஜ் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விடுவான். ஒரு குலுக்கல், ஒரு முக்கல், அப்புறம் கரும்புகை. எஞ்சின் பிடித்துவிடும்.

தள்ளுவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதே இல்லை. 'தள்ளுனவுகளுக்கே இடம்' என்பது அந்த லாரியின் சட்டம். தள்ளினவர்கள் பருத்தி மூட்டை மேலோ வத்தல் மூட்டை மேலோ ஏறி உட்கார்ந்து அருப்புக்கோட்டை வரை ஓசியில் போகலாம். வழியில் கைகாட்டுகிறவர்களுக்கு நிறுத்தமாட்டான், அது கலெக்டராகவே இருந்தாலும். நிறுத்தினால் அந்தக் கிழட்டு எஞ்சின் தடுமாறி அணைந்துபோகும். நடு ரோட்டில், மேடு பள்ளம் இல்லாத காட்டில், அணைந்த லாரியை வைத்துக்கொண்டு யார் முகத்தில் விழிப்பது? காலையில் பிடித்த எஞ்சினை அருப்புக்கோட்டைப் பருத்திப் பேட்டையில் ஒருதரம் அணைப்பான், அங்கே லோடுமேன்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் கண்மாய்க்கரையில் ஒருதரம் அணைப்பான். நடுவில் டீ குடிப்பதென்றாலும் ஒரு காலை ஆக்ஸிலேட்டரில் வைத்துக்கொண்டுதான் குடிப்பான். கிளாஸைக் கிளீனர் இருளப்பசாமி வாங்கிவந்து கொடுப்பார்.

ஊரே தள்ளிய அந்த லாரியை ஒருநாளும் தள்ளாத ஆள் ஒன்று உண்டென்றால் அது காளிராஜின் பெண்டாட்டி பெத்தம்மாள். லாரிக்காரன் பெண்டாட்டி லாரியைத் தள்ளினால் அப்புறம் என்ன கௌரவம்? அவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நின்று பார்ப்பாள். பார்த்துப் பார்த்துத்தான் வினையை இழுத்துக்கொண்டாள்.

அவள் பார்த்ததெல்லாம் ஒருத்தியைத்தான். விலக்கிலிருந்து வருகிற சந்தனம்மாளை.

மெயின் ரோட்டிலிருந்து வேலாங்குளத்துக்குப் பாதை பிரிகிற இடத்துக்கு விலக்கு என்று பேர். ஒன்றரை மைல் தூரம். அங்கே நாலைந்து வீடு, ஒரு புளியமரம். சந்தனம்மாள் அங்கே இருந்தாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்து நாலு வருஷம் ஆயிற்று. சுற்றுப்பட்டு ஊர்களில் கோழிமுட்டை வாங்கி அருப்புக்கோட்டையில் விற்று ஒற்றை வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். லாரி அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். ஆனால் சட்டம் சட்டம்தான். தள்ளினால்தான் இடம். ஆகவே கருக்கலிலேயே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து கண்மாய்க்கரைக்கு வந்துவிடுவாள்.

வந்ததும் முட்டைக்கூடையைக் கேபினில் சீட்டின்மேல் வைப்பாள். மூட்டைக்கு மேலே வைத்தால் திருச்சுழி தாண்டுவதற்குள் பாதி உடைந்துவிடும் என்பதால் அவளுக்கு மட்டும் கேபினில் இடம். அப்புறம் பின்னால் போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்ற ஆட்களுக்குச் சமமாகத் தள்ளுவாள். எஞ்சின் பிடித்துப் புகை முகத்தில் அடித்ததும் கலகலவென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்டுக் காளிராஜ் கதவு வழியே தலையை நீட்டித் திரும்பிச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்புத்தான் பெத்தம்மாளின் அடிவயிற்றில் போய்த் தைத்தது. மூன்று வருஷமாகச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கிரீஸ் அழுக்கைச் சாம்பல் போட்டுக் கசக்கிக் கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. தலையை நீட்டி, திரும்பிப் பார்த்து, அப்படி ஒரு சிரிப்பு அவளைப் பார்த்து அவன் சிரித்ததுண்டா?

போதாக்குறைக்குச் சந்தனம்மாள் அவளை "அக்கா" என்றாள்.

"என்னக்கா, காப்பித்தண்ணி ஆச்சா?" என்று ஒருநாள் கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சு" என்று பெத்தம்மாள் வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முறையைக் கூட்டிப் பார்த்தாள். நான் அக்கா என்றால் அவர் யார்? அக்கா புருஷன் மச்சான்தானே? வெளியில் "டிரைவரே" என்று கூப்பிடுகிறாள். கேபினுக்குள் என்ன சொல்லிக் கூப்பிடுவாளோ, யார் கண்டது? அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வயிற்றெரிச்சலில் பாதி குறைந்திருக்கும். அந்தப் பொல்லாதவள் அதைச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டுமானால் கேபினில் மூன்றாவது ஆளாக இருளப்பசாமி இருந்தார். ஐம்பது வயசு மனுஷன், காளிராஜுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. வெற்றிலையை மென்றுகொண்டு நடுவில் மலைபோல உட்கார்ந்திருப்பார். மேலே மூட்டையில் ஏழு பேர். எஞ்சின் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. ஆனால் பொறாமை என்றைக்கு நியாயம் கேட்டது?

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பெத்தம்மாள் பேச்சை எடுத்தாள்.

"மச்சான், தெனமும் ஊரைக் கூட்டி வண்டியத் தள்ளுறது நல்லாவா இருக்கு? அந்த மோட்டாரை மாத்திப் போட்டா என்ன?"

"ஓடுதுல்ல, ஓடட்டும்" என்றான் காளிராஜ். "அதுக்கெல்லாம் இப்ப துட்டுக்கு எங்கிட்டுப் போறது?"

பெத்தம்மாள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். செத்துப்போன அம்மா காதில் கிடந்த தண்டட்டி, ஒரு சோடி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். மூன்று வருஷத்தில் எத்தனையோ கஷ்டம் வந்தும் அதை வெளியே எடுத்ததில்லை. கொண்டுவந்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காளிராஜ் வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்துவிட்டான். "ஏ பிள்ள, உங்க ஆத்தா ஞாபகமா இருக்கிறது இது ஒண்ணுதானே?"

"எங்க ஆத்தாளும் நான் நல்லா இருக்கணும்னுதானே நெனைப்பா" என்றாள். அவன் கண் கலங்கிவிட்டது. தன்மேல் இவளுக்கு இத்தனை பிரியமா என்று நினைத்துக்கொண்டான். பிரியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தண்டட்டியைப் பெட்டியிலிருந்து கிளப்பியது பிரியம் அல்ல.

அருப்புக்கோட்டைக்கு அவளும் கூடவே போனாள், சந்தனம்மாள் வராத வெள்ளிக்கிழமையாகப் பார்த்து. தண்டட்டி மோட்டாராக மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும்.

மெக்கானிக் வேங்கடபதி தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், ஸ்பானர் வழுக்கிக் கையில் பட்டால் இரண்டும். லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மோட்டாரு சாகலை. உள்ள கார்பன் தேஞ்சிருக்கு. புதுக் கார்பன் போட்டுத் துடைச்சு மாட்டினா ஒரு ஆறு மாசம், எட்டு மாசம் ஓடும்" என்றார்.

காளிராஜுக்கு அதுவே போதும் போலிருந்தது. பெத்தம்மாள் விடவில்லை.

"ஆறு மாசம் கழிச்சுத் திரும்பவும் தள்ளணுமாண்ணே?"

"தள்ள வேண்டி வரலாம்."

"தள்ளவே கூடாது. என்னைக்கும் தள்ளக்கூடாது. அதுக்கு என்ன போடணும், அதைச் சொல்லுங்க."

வேங்கடபதி அவளை ஒரு பார்வை பார்த்தார். இந்த வேகத்தோடு ஒரு பொம்பளை செல்ஃப் மோட்டார் கேட்டு அவர் பார்த்ததில்லை. "இதைவிடப் பெரிய மோட்டாரு ஒண்ணு இருக்கு தாயி. பஸ்ஸுக்குப் போடுறது. இதே இடத்துல உக்காரும், இழுவை ரெண்டு மடங்கு. ஆனா அதுக்கு இந்த நோஞ்சான் பேட்டரி ஆகாது. பெரிய பேட்டரி வேணும். வயரும் கனமா மாத்தணும். மெல்லிசு வயரு போட்டா மோட்டாருக்குப் போற கரண்டு பாதி வழியிலயே சூடாகிச் செத்துப்போகும்."

"எல்லாம் போடுங்க" என்றாள் பெத்தம்மாள்.

அன்று முழுக்க ஒரு டயரின்மேல் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். வேங்கடபதி முதலில் பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாகப் போட்டார்.

"இதைக் கழத்தாம ஸ்பானரை உள்ள விட்டா தீப்பொறி பறக்கும். இது போச்சுன்னா மோட்டாரு எம்புட்டுப் பெருசா இருந்தாலும் வெறும் இரும்புதான் தாயி" என்று அவள் கேட்காமலே சொன்னார். 

மேல் போல்ட் துரு ஏறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டி, திட்டி, ஒருவழியாகப் பழைய மோட்டாரை வெளியே இழுத்தார்கள். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, எஞ்சின் சக்கரத்துப் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பல் உடைந்திருந்தால் புது மோட்டாரும் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றுமாம். பல் நன்றாக இருந்தது. புது மோட்டாரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் பெத்தம்மாளின் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு வயரைப் பேட்டரியில் வைத்து முடுக்கினார்.

காளிராஜ் ஏறி உட்கார்ந்து செல்ஃபைத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், எஞ்சின் எழுந்து நின்றது. அணைத்தான். திரும்பத் தொட்டான். திரும்ப எழுந்தது. சின்னப்பிள்ளை மாதிரி ஐந்தாறு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். அந்த ஒவ்வொரு தடவைக்கும் பெத்தம்மாளுக்கு ஒரு முட்டை உடைந்த திருப்தி.

மறுநாள் விடியற்காலம் தள்ளுகிற கூட்டம் வழக்கம்போல் கரைமேல் வந்து நின்றது. காளிராஜ் ஏறினான், தொட்டான், லாரி உறுமியது. தள்ள வந்த கைகள் சும்மா தொங்கின. சந்தனம்மாள் மட்டும் வழக்கம்போலச் சிரித்தாள். "அட, டிரைவரு வண்டிக்கு உசிரு வந்திருச்சே!"

பெத்தம்மாள் வாசலிலிருந்து கரைக்கு ஏறிவந்தாள். மூன்று வருஷமாக மனசுக்குள் மென்றுகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் துப்பினாள்.

"தள்ளுனவுகளுக்கே இடம்னுதானே சட்டம்? இனி யாரும் தள்ள வேண்டாம். அப்ப யாருக்கும் இடமும் கெடையாது. லோடு வண்டி லோடுக்குத்தான்."

கூட்டத்தில் மூத்தவர் சங்கையா. வாழ்நாள் முழுக்க அந்த லாரியைத் தள்ளியே தோள் காய்த்துப்போனவர். "அது சரி தாயி. ஏறின பிறகு ஏணி என்னத்துக்கு?" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார். மற்றவர்களும் போனார்கள். சந்தனம்மாள் சீட்டில் வைத்திருந்த கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். காளிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தண்டட்டி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

ஒரு மாசம் பெத்தம்மாளுக்குப் பொன்னான மாசம். காலையில் கரைமேல் ஈ காக்காய் கிடையாது. புருஷன், கிளீனர், லாரி. அவ்வளவுதான். அவன் கிளம்பினதும் நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

சாயங்காலத்துக்கு அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தத் தட்டைக் காட்டில், அந்தி நேரத்துக் காற்றில், லாரியின் சத்தம் விலக்கிலிருந்தே கேட்கும். கேட்டதும் உலையில் அரிசியைப் போடுவாள். சோறு பொங்கி வடிக்கிற நேரத்துக்குச் சரியாக லாரி கரையேறும். மூன்று வருஷத்தில் இந்தக் கணக்குப் பிசகியதே இல்லை.

மாசி மாசத்து ஒரு சாயங்காலம் சத்தம் விலக்கு வரை வந்தது. அரிசியைப் போட்டாள். அப்புறம் சத்தம் இல்லை.

பஞ்சர் ஆகியிருக்கும் என்று நினைத்தாள். சோறு வடித்தாள். ஆறியது. ரொம்ப நேரம் கழித்து, நின்ற இடத்திலிருந்தே சத்தம் மறுபடி புறப்பட்டு வந்தது. காளிராஜ் கரையேறி இறங்கி வந்தான். கையில் அழுக்கு இல்லை, பஞ்சர் இல்லை என்று தெரிந்தது. "பசிக்கலை பிள்ள. அருப்புக்கோட்டையிலயே பரோட்டா தின்னுட்டேன்" என்றான்.

மறுநாளும் சத்தம் விலக்கு வரை வந்து அடங்கியது. அதற்கு மறுநாளும்.

பெத்தம்மாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தவள் இப்போது அந்தச் சத்தம் இல்லாத நேரத்துக்குக் காது கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செல்ஃப் எடுக்காதவரை அவனால் எங்கே நிற்க முடிந்தது? நின்றால் வண்டி நின்றுபோகும். பேட்டையை விட்டால் கண்மாய்க்கரை, கண்மாய்க்கரையை விட்டால் பேட்டை. நடுவில் எவள் வாசலில் கைகாட்டினாலும் கால் பிரேக்குக்குப் போகாது. இப்போது அவன் நினைத்த இடத்தில் அணைக்கலாம், நினைத்த நேரத்தில் தொட்டுக் கிளப்பலாம். பத்துப் பேர் பார்க்கப் பட்டப்பகலில் நடந்த ஒரு சிரிப்பை, யாரும் பார்க்காத இடத்துக்கு அவளே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதிலும், ஆத்தாள் காதுத் தண்டட்டியை விற்று ஊதினவள் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

நாலாம் நாள் அரிசியை உலையில் போடவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே கிளம்பி, பாதையில் பாதி தூரம் போய் ஒரு கருவேல மரத்தடியில் நின்றாள். லாரி மெயின் ரோட்டில் வருவது தூசியாகத் தெரிந்தது. விலக்கில் வந்து நின்றது. சத்தம் அடங்கியது. அவள் நடந்தாள். அவசரப்படவில்லை. கால் அவசரப்பட்டாலும் நெஞ்சு பின்னுக்கு இழுத்தது. பஞ்சராக இருக்கட்டும் ஆத்தா, டயர் வெடித்திருந்தாலும் பரவாயில்லை என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே போனாள்.

எல்லா டயரும் நன்றாக இருந்தன. லாரி புளியமரத்தடியில் ஓய்வாக நின்றது. எதிரே சந்தனம்மாள் வீட்டு முற்றத்துக் கொடியில் அவள் சேலைக்குப் பக்கத்தில் காளிராஜின் காக்கிச் சட்டை தொங்கியது. நேற்று பெத்தம்மாள் சாம்பல் போட்டுக் கசக்கித் துவைத்த சட்டை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே எண்ணெய்ச் சட்டியில் முட்டை பொரிகிற சத்தம். அப்புறம் காளிராஜின் சிரிப்பு. தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு, இப்போது யாரும் தலையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

பெத்தம்மாளுக்குக் கத்த வரவில்லை. கத்தினால் விலக்கு முழுக்கக் கூடிவிடும், நாளைக்கு வேலாங்குளத்துக்குச் சிரிப்பாக இருக்கும். கண்ணில் வந்த தண்ணீரை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

ரோட்டோரப் பாலத்துச் சுவரில் இருளப்பசாமி வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அவருக்கு.

"தாயி…"

"எத்தனை நாளா மாமா?"

"இந்த நாலு நாளாத்தான் தாயி. அதுக்கு முந்தி ஒண்ணுமில்லை. என் வாயில இருக்கிற வெத்தலை மேல சத்தியம். முந்தியெல்லாம் நிக்கத்தான் முடியாதே."

இதைக் கேட்டதுதான் அவளுக்கு மேலும் எரிந்தது. முந்தியே இருந்திருந்தால் அவன்மேல் மட்டும் கோபித்துக்கொள்ளலாம். இப்போது அதில் பாதியைத் தனக்கே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஸ்பானரை எடுங்க" என்றாள்.

"என்னத்துக்கு தாயி?"

"எங்க ஆத்தா தண்டட்டி இந்த வண்டியில இருக்கு. அதைக் கழத்தணும்."

இருளப்பசாமி ஒருக்களித்த கதவைப் பார்த்தார். அப்புறம் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு தானே குனிந்தார். பேட்டரியில் ஒரு முனை, மோட்டாரில் ஒரு முனை. கட்டைவிரல் தடிமன் வயர் கழன்று அவள் கைக்கு வந்தது. சாரைப்பாம்பைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள்.

"அவன் வந்து கேட்டா என்னத்தச் சொல்ல?"

"நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வேலாங்குளத்துக்குத் திரும்பி நடந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சங்கையா வீட்டு வாசலில் போய் நின்றாள். கேட்கவே நாக்குக் கூசியது. ஆனாலும் கேட்டாள்.

"நாளைக் காலையில வண்டி தள்ள வரணும் மாமா. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பழையபடி ஓசியில போகலாம்."

சங்கையா கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏன் தாயி, தொட்டா எந்திரிக்கிற வண்டியாச்சே? ஏணி மறுபடியும் வேணுமாக்கும்?"

பெத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த கனம் அவர் கண்ணில் பட்டது. வாழ்ந்த மனுஷன், அதற்குமேல் குத்தவில்லை. "வாரோம், போ" என்றார்.

விலக்கில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மறுநாள் இருளப்பசாமி வாய் வழியாக ஊரே கேட்டது. காளிராஜ் வந்து செல்ஃபைத் தொட்டான், 'ணங்' கூட வரவில்லை. இறங்கிப் பேட்டரியைப் பார்த்தான். இருளப்பசாமி சொல்லச் சொன்னதைச் சொன்னார். காளிராஜ் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டானாம். அப்புறம் நாலு வீட்டு ஆட்களையும், பஸ்ஸுக்கு நின்றவர்களையும் கும்பிட்டுக் கூப்பிட்டுத் தட்டை ரோட்டில் லாரியைத் தள்ளவைத்து, அரை மணி நேரம் நாக்குத் தள்ளித்தான் எஞ்சின் பிடித்ததாம். லாரி அங்கே என்னத்துக்கு நின்றது என்று அத்தனை பேரும் கேட்டார்களாம்.

அன்று ராத்திரி கரையேறி வீட்டுக்கு வந்தவன் பெத்தம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. "வயரு எங்க பிள்ள?" என்று மட்டும் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"எங்க ஆத்தா சொத்து. என்கிட்டத்தான் இருக்கும்" என்றாள். அருப்புக்கோட்டையில் வேறு வயர் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் வாங்கினால் எதற்கு வாங்கினான் என்று வேங்கடபதி முதல் சங்கையா வரை கேட்பார்கள். அவன் வாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

விடிந்தது. கரைமேல் பழைய கூட்டம் வந்து நின்றது. விலக்கிலிருந்து யாரும் வரவில்லை. இருளப்பசாமி சக்கரத்துக் கல்லை எடுத்தார். காளிராஜ் ஏறி உட்கார்ந்தான். அப்போது பெத்தம்மாள் வாசலைச் சாத்திவிட்டுக் கரையேறி வந்தாள். நேரே லாரிக்குப் பின்னால் போனாள். சேலையை இழுத்துச் செருகினாள். சந்தனம்மாள் எப்போதும் கைவைக்கிற இடத்தில், வலது பக்கத்துப் பலகையில் இரண்டு கையையும் வைத்தாள்.

"தாயி, நீ எதுக்கு?" என்றார் சங்கையா.

"தள்ளுங்க மாமா."

தள்ளினாள். அந்த லாரி இவ்வளவு கனமா? பலகையின் சிலாம்பு உள்ளங்கையில் ஏறியது, கால் கரிசல் புழுதியில் வழுக்கியது. லாரி நகர்ந்தது, உருண்டது, ஒரு குலுக்குக் குலுக்கிப் புகையை அவள் முகத்தில் அடித்தது. எஞ்சின் பிடித்துவிட்டது. எல்லோரும் ஓடிப்போய் மூட்டைமேல் ஏறினார்கள். பெத்தம்மாள் ஓடிப்போய்க் கேபின் கதவைத் திறந்து ஏறினாள். இருளப்பசாமி மேலே மூட்டைக்குப் போய்விட்டார்.

காளிராஜ் திரும்பிப் பார்த்தான். "நீ எங்க பிள்ள வார?"

"தள்ளுனவுகளுக்கே இடம்" என்றாள்.

லாரி விலக்கை நெருங்கியது. புளியமரத்தடியில் சந்தனம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். லாரியைக் கண்டதும் கையைத் தூக்கினாள். காளிராஜின் கால் பிரேக்குப் பக்கம் நகர்ந்ததைப் பெத்தம்மாள் பார்த்தாள். மடியில் இருந்த வயர்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நிறுத்துனா அணைஞ்சுபோகும் மச்சான்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "அணைஞ்சா தள்ளுறதுக்கு நான் எறங்க மாட்டேன்."

கால் பழைய இடத்துக்குப் போனது. லாரி நிற்கவில்லை. கண்ணாடியில், புழுதிக்கு நடுவே, சந்தனம்மாள் முந்தானையால் முட்டைக்கூடையை மூடிக்கொண்டு நிற்பது சின்னதாகிக்கொண்டே போனது. அது மறையும்வரை பெத்தம்மாள் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் உள்ளங்கையை விரித்துச் சிலாம்பைப் பிடுங்கிப் போட்டாள். நாளைக்கும் தள்ள வேண்டியிருக்கும். நாளன்றைக்கும்.